பாஸ் நாப்பைத் தொடாதே

மாப்ளே,

பதில் போட இத்தனை நாளாச்சேன்னு திட்டாதே. இங்கே எல்லாரும் சௌக்கியம், சின்னவன் பத்தாவது வந்துவிட்டான், அவ்வளவுதான் சேதி.

பாஸ் கிட்டாருக்கு 15 இஞ்ச் காம்போ, அதாவது ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது, வாங்கின கையோடு புலம்பலா? மேடையில் உனக்கே கேட்கவில்லை, மண்டபத்தில் மட்டும் கும்கும்மென்கிறது, அப்படித்தானே? பாஸ் நாப்பைக் கடிகார முள் மாதிரி மூணு மணிப் பக்கம் திருகி வைத்திருப்பாய், உன்னைத் தெரியாதா! முதலில் அதை 12 மணிக்குக் கொண்டுவா.

தரையில், சுவரோரம் வைத்த காம்போவுக்கு பாஸ் சத்தத்தை அந்த இரண்டுமே ஏற்றிக் கொடுக்கும். பலகை மேடையென்றால் பலகையும் சேர்ந்து உறுமும். அதற்கு மேல் நீ 10 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு மட்டும் 10 மடங்கு வாட் வேண்டும். 30 வாட்டில் நிம்மதியாக ஓடினது 300 கேட்கும். ஸ்பீக்கரின் கோன் தட்டும், சத்தம் எல்லை மீறாமல் தடுக்கிற லிமிட்டர் அமுக்கும், சத்தம் மட்டும் ஏறவே ஏறாது.

உனக்குக் கேட்காததற்குக் காரணம் வேறு. ஸ்பீக்கர் உன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மிட், ட்ரெபிள் என்கிற நடு, மேல் சத்தங்களெல்லாம் நேர்கோட்டில் போகிறவை, காதுக்கு ஏறி வராது. பிளாஸ்டிக் நாற்காலியில் தூக்கி வை, இல்லை முன்பக்கம் கட்டை கொடுத்து அண்ணாந்து பார்க்கும்படி சாய்த்து வை. பலகையின் உறுமலும் பாதி அடங்கும். 'எட்டு மீட்டர் தள்ளிப் போனால்தான் பாஸ் அலை முழுசாகும்' என்று அண்ணாச்சி இன்னும் சொல்லிக்கொண்டு திரிவார். அப்படியானால் ஹெட்போனில் எப்படிக் கேட்கிறதாம்?

ஈக்யூ விஷயத்தை, அதாவது எந்த ஹெர்ட்ஸை ஏற்றுவது, எதை இறக்குவது என்பதைக் கவனமாகக் கேள். தடித்த ஈ கம்பியின் அடிச்சுரம் 41 ஹெர்ட்ஸ். கூட்டு வாசிப்பில் காது பிடித்துக்கொள்வது அதை இல்லை, அதன் மேலே வரும் 82, 123, அதற்கும் மேலேயுள்ளவற்றைத்தான். அதனால் 150 முதல் 250 வரை மூணு நாலு டெசிபல் இறக்கு, 500 முதல் 800க்குள் கொஞ்சம் ஏற்று. தனியாக வாசித்தால் மூக்கடைத்த மாதிரி அசிங்கமாகத்தான் இருக்கும். டிரம்ஸ் சேரட்டும், அப்புறம் பேசு. மேல் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரைப் பாதிக்கு மேல் திறக்காதே, விரல் உரசல்தான் கேட்கும். கீபோர்டு மாமாவின் இடது கையையும் கட்டிப்போடு. அந்தக் கை உன் பாஸ் சுரங்களிலேயே வாசித்துக்கொண்டிருக்கும்வரை எந்த ஈக்யூவும் உன்னைக் காப்பாற்றாது.

மண்டபத்துக்கான சத்தத்தை உன் காம்போவிலிருந்து எதிர்பார்க்காதே, அது மண்டபத்தைப் பார்த்து வைத்த மெயின் ஸ்பீக்கர் பாக்ஸின் வேலை. காம்போவின் டிஐ அவுட்டிலிருந்து மிக்சருக்கு லைன் கொடு, சுவிட்ச் 'ப்ரீ'யில், அதாவது உன் ஈக்யூவுக்கு முன்பே லைன் பிரிகிற மாதிரி இருக்கட்டும். 'போஸ்ட்'டில் விட்டால் நீ மேடையில் திருகுவதெல்லாம் மண்டபம் முழுக்கத் திருகும். 'ம்ம்ம்' என்று இரைந்தால் அந்த லைனின் கிரவுண்ட் இணைப்பை விலக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சை அமுக்கு. லைன் சரியாகப் போனதும் காம்போவைக் குறைத்துவிடு, பாடுகிறவர் மைக்கில் உன் சத்தம் புகுந்து குழம்பாது.

பின்னால் 300 வாட், 4 ஓம் என்றிருப்பதைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தாதே. உள்ளே 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் அத்தனையும் கிடைக்காது. இன்னொரு 8 ஓம் பாக்ஸ் சேர்த்தால்தான் 4 ஆகும். கடைக்காரர் தள்ளிவிடுகிற 4 ஓம் பாக்ஸை மாட்டினால் மொத்தம் 3 ஓமுக்கும் கீழே போய் ஆம்ப் படுத்துவிடும். அந்த பாக்ஸுக்குக் கிட்டார் வயரைச் செருகிவிடாதே, ஸ்பீக்கர் வயர் தனி.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். சவுண்ட் செக் முடிந்ததும் போன் போடு, உடனே நாப்பைத் திருகாமல்.

உன்
மாப்ளே