மூக்கு பழகிவிட்டது என்று சொன்னாயே, கண்ணு

கண்ணு,

தீபாவளிக்கு வந்தபோது எண்ணெய் வைத்துவிட உன்னை உட்காரவைத்தேனே, நீ குனிந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாய், அப்போதுதான் உன் வலது கையைப் பார்த்தேன். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நுனித்தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து, சின்னச் சின்னதாக வெடித்திருந்தது. கேட்டதற்கு "ஒண்ணுமில்லம்மா, நகத்துக்குப் பூசுற ஜெல் பட்டிருக்கும்" என்றாய். கண் இமை அரிக்கிறது என்று இரண்டு தடவை தேய்த்துக்கொண்டதையும் கவனித்தேன். நீ வேலை பார்க்கிற நெயில் பார்லரில் வாடை எப்படி என்றால், முதல் மாதம் தலை வலித்தது, இப்போது மூக்கு பழகிவிட்டது என்று சிரிக்கிறாய். நீ சென்னைக்குப் பஸ் ஏறின பிறகு அதை நினைத்து எனக்குத் தூக்கமே இல்லை.

நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் சாமி. நீ பால்வாடிக்குப் போன காலத்தில் பனியன் கம்பெனியில் கறை எடுக்கிற இடத்தில் என்னைப் போட்டார்கள். எண்ணெய்க் கறை மேல் ஸ்ப்ரே கன்னை வைத்து அழுத்தினால் கெமிக்கல் பீய்ச்சி அடிக்கும், கறை போய்விடும், ஆவி நேராக முகத்துக்கு வரும். பத்து நாளில் வாடையே தெரியவில்லை. தெரியவில்லை என்றால் உள்ளே போகவில்லை என்று நினைத்துவிட்டேன். மூன்று வருடத்தில் கையெல்லாம் வெடித்து, உப்பு பட்டாலே எரிந்து, உனக்குச் சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் ஊட்டினேன். ஜன்னலைத் திறங்கள் என்று சூப்பர்வைசரிடம் கேட்க அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. நீ கேட்டே ஆக வேண்டும்.

போன வாரம் தோல் டாக்டரம்மாவிடம் உன் வேலையைச் சொல்லிக் கேட்டேன். ஜெல்லிலும், திரவமும் பொடியும் கலந்து செயற்கை நகம் செய்கிறீர்களே அந்த அக்ரிலிக்கிலும் அக்ரிலேட் என்று ஒரு கெமிக்கல் இருக்கிறதாம். காய்வதற்கு முன்னால் அது தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒருநாள் உடம்பு ஒவ்வாமல் போய்விடும், வந்த அலர்ஜி ஆயுசுக்கும் இருக்கும் என்றார். அப்புறம் பல் அடைக்கவோ மூட்டு மாற்றவோ போனால், அங்கே வைக்கிற பொருளும் இதே வகையாக இருந்து தொல்லை தரலாமாம். விரலில் பட்டதுதான் இமைக்கும் போகிறது. அதனால் பிரஷ்ஷை விரலால் துடைக்காதே. ரப்பர் கிளவுஸ் வேண்டாம், நைட்ரைல் போடு, ஜெல் அதையும் ஊடுருவும் என்பதால் அரை மணிக்கு ஒரு தடவை மாற்று, ஜெல் பட்டால் உடனே கழற்று. எந்த ஜெல்லோ, அதைக் காயவைக்க அதற்கான லேம்ப்பில்தான் காட்ட வேண்டும், அரைகுறையாகக் காய்ந்ததை ராவினால் அந்தத் தூளும் கையில்தான் ஒட்டும்.

நீ போடுகிற நீல மாஸ்க் ஆவியைத் தடுக்காது. ராவும்போது தூளுக்கு என்95 போடு, ஆனால் ஆவிக்கு அதுவும் போதாது, காற்றுதான் வழி. ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கிற காற்றையேதான் சுற்றிச் சுற்றி விடும். மேஜை மட்டத்திலேயே உறிஞ்சி, உன் மூக்குப் பக்கம் வராமல் வெளியே தள்ளுகிற மாதிரி ஒரு ஃபேன் வைக்கச் சொல். திரவக் கிண்ணத்தை மூடி வை, துடைத்த பஞ்சை மூடி போட்ட குப்பைத்தொட்டியில் போடு, அந்த மேஜையில் டீ கூடக் குடிக்காதே.

இன்னொன்று. விலை குறைவு என்று எம்எம்ஏ (மெத்தில் மெத்தாக்ரிலேட்) என்கிற கெமிக்கல் கலந்த அக்ரிலிக் திரவம் யாராவது கொடுத்தால் தொடாதே. நகம் கெட்டது, தோல் புண்ணானது என்று புகார் வந்து, அமெரிக்காவில் 1970-களிலேயே அதன் மேல் அரசாங்கம் நடவடிக்கை எடுத்ததாம், உன் தம்பி தேடிப் படித்துச் சொன்னான். வாடை கடுமையாக இருக்கும், அசிட்டோனில் ஊறவைத்தாலும் லேசில் வராது.

கழுத்து வலியைப் பற்றி நீ சொல்லவே இல்லை, ஆனால் இருக்கும், எனக்குத் தெரியும். கஸ்டமரின் கை உயரத்துக்கு ஒரு திண்டு வை, நீ குனியாதே.

வியாழக்கிழமை லீவு என்றாயே, அன்றைக்கே தோல் டாக்டரைப் பார். நீ எடுக்கிற பாட்டில்களின் லேபிளையெல்லாம் போட்டோ பிடித்துக்கொண்டு போ. பணம் அப்பா அனுப்புவார். பார்த்துவிட்டு, எத்தனை மணியானாலும் எனக்குப் போன் போடு.

அம்மா