செல்விக்கு, சுவர்களைப் பற்றி

அன்புள்ள செல்வி,

உன் மெயில் வந்து மூன்று வாரம் ஆகிறது, பதில் போடாமலே விட்டுவிட்டேன், மன்னித்துவிடு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சொட்டு மருந்து மட்டும் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்.

சரி, உங்கள் பள்ளியின் புதுக் கட்டடம். வகுப்புகளுக்கு நடுவே சுவரே வேண்டாம், ஒரே நீள ஹாலாகப் போட்டுவிடலாம், காற்றும் வரும் பிள்ளைகளும் கலந்து பழகுவார்கள் என்று கமிட்டியில் பேசுவதாக எழுதியிருந்தாய். நீ அனுப்பிய படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்ததும் நம் மூன்றாம் வகுப்புதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஒரே ஹால், நடுவில் ஸ்டாண்டில் நிற்கும் கரும்பலகைதான் சுவர், அந்தப் பக்கம் நாலாம் வகுப்பு வாய்ப்பாடு ஒப்பிக்க ஆரம்பித்தால் நம் டீச்சர் சொல்லும் கதை பாதியோடு போய்விடும். நீ மதியத்தில் மாடிப்படிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்வாயே, ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

என் மகள் போன வருடம் படித்த பள்ளியும் இங்கே ரொம்பப் புதுசு, எல்லாம் திறந்த வெளி, வண்ண மெத்தைகள், கண்ணாடி. உனக்குப் பிடித்த இடம் எது என்று ஒருநாள் கேட்டேன். டாய்லெட் என்றாள். அங்கே மட்டும்தான் கதவைச் சாத்திக்கொண்டு கதைப் புத்தகம் படிக்க முடிகிறதாம். கட்டடம் வரைவதே என் பிழைப்பு செல்வி, அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அமெரிக்காவில் 1960களின் கடைசியிலும் 70களிலும் இப்படிச் சுவரில்லாத பள்ளிகளை நிறையக் கட்டினார்கள். பல இடங்களில் சத்தம் தாங்காமல் ஆசிரியர்களே பீரோவையும் புத்தக அலமாரியையும் இழுத்துப் போட்டு மறைத்துக்கொண்டார்கள், அப்புறம் நிஜச் சுவரே எழுப்ப வேண்டியதாயிற்று.

அதற்காகப் பழைய மாதிரி பெட்டி பெட்டியாகக் கட்டு என்று நான் சொல்லவில்லை. இங்கே நெதர்லாந்தில் டெல்ஃப்ட் ஊரில், ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர் என்ற கட்டடக் கலைஞர் வரைந்த மாண்டிசோரி பள்ளி ஒன்று இருக்கிறது. 1960இல் வரையத் தொடங்கி 1966இல் முடித்தது, பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கினார்கள். நான் படித்த காலத்திலிருந்து அதன் பிளானைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். வகுப்பறை சதுரம் கிடையாது, 'ட' எழுத்து மாதிரி மடங்கியிருக்கும், அதனாலேயே உள்ளே மூலைகள் கிடைத்துவிடுகின்றன. அதில் ஒரு பகுதியின் தரை தாழ்வு. களிமண், பெயின்ட் வேலை செய்கிற பிள்ளைகள் கீழே, கணக்குப் போடுகிறவர்கள் மேலே, ஒருவர் வேலை மற்றவர் கண்ணை இழுப்பதில்லை. நின்றுகொண்டிருக்கும் டீச்சருக்கோ இரண்டு பக்கமும் தெரியும். இதை நான் முதலில் புரிந்துகொண்டபோது எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா!

வகுப்புக்கும் ஹாலுக்கும் நடுவில் நம்மூர்த் திண்ணை மாதிரி ஓர் இடம் விட்டிருக்கிறார், உள்ளே இருக்கப் பிடிக்காத பிள்ளை அங்கே வந்து தனியாக வேலை செய்யலாம், வகுப்பை விட்டுப் போனதாகவும் ஆகாது. ஹாலில் அசைக்க முடியாத செங்கல் மேடை ஒன்று, நடக்கிற வழியிலேயே நிற்கும், பிள்ளைகள் அதன் மேல் ஏறுவார்கள், உட்காருவார்கள், பலகைகளை வெளியே இழுத்தால் நாடக மேடை. சின்னப் பிள்ளைகள் பகுதியில் இதற்கு நேர்மாறாகத் தரையில் ஒரு சதுரப் பள்ளம், அதை நிரப்பி மரக்கட்டைகள். கட்டைகளை எடுத்துச் சுற்றிலும் போட்டால் உட்கார ஸ்டூல், நடுவில் பதுங்கிக்கொள்ளக் குழி.

டோக்கியோ பக்கம் தச்சிகாவாவில் 2007இல் வந்த ஃபூஜி மழலையர் பள்ளியில் வகுப்புகளுக்கு நடுவே சுவர் இல்லை, அது நன்றாகவே நடக்கிறது என்று உன் கமிட்டியில் யாராவது சொல்லலாம். உண்மைதான், ஆனால் அது மழலையர் பள்ளி, கட்டடம் வட்டமாக முற்றத்தைச் சுற்றி ஓடுகிறது, கதவுகளைத் திறந்தால் சத்தம் வெளியே போய்விடும். உங்கள் ஹாலில் ஐந்து வகுப்பு, மேலே தகரக் கூரை. மழை பெய்தால் நீ பேசுவது உனக்கே கேட்காது.

ஆகவே நான் சொல்வது இதுதான். இரண்டு வகுப்புகளுக்கு நடுவிலுள்ள சுவர் கூரைவரை செங்கலாகவே இருக்கட்டும். காற்றுக்கு முன்னும் பின்னும் திறந்துவிடு, ஒரு பக்கம் வராந்தா, மறுபக்கம் பெரிய ஜன்னல். வராந்தாவில் ஒவ்வொரு வாசலுக்கும் பக்கத்தில் திண்ணை கட்டச் சொல். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு மூலையில் மூன்றடிக் கைப்பிடிச் சுவர், அதற்குப் பின்னால் உட்கார்ந்தால் பிள்ளைக்கு மற்றவர்கள் கண்ணில் படமாட்டார்கள், நீ எழுந்து நின்றால் பிள்ளை உனக்குத் தெரியும். யார் கண்ணும் எட்டாத மூலை மட்டும் வேண்டவே வேண்டாம், பெண் பிள்ளைகள் படிக்கிற இடம்.

இன்னொன்று, பிளானை முடிவு செய்யும் முன் ஒரு வாரம் மதிய இடைவேளையில் தனியாக எந்தப் பிள்ளை எங்கே போய் உட்காருகிறது என்று பார்த்துக் குறித்து வை. அந்தத் தாளையும் மனையின் அளவுகளையும் அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரைந்து தருகிறேன். மார்ச்சில் ஊருக்கு வரும்போது இடத்தையும் பார்க்க வேண்டும். நம் பழைய பள்ளியில் அந்த மாடிப்படி இன்னும் இருக்கிறதா?

அன்புடன்,
கலா