பெண்ணே பிறக்காத குடும்பம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் டெல்டா பண்ணை ஒன்றைப் பற்றி ஆறு பக்கம் எழுதியிருந்தீர்கள். "ஐந்து தலைமுறையாக ஒரு குழி நிலம்கூடக் கைமாறவில்லை" என்று பெரிய எழுத்தில் ஒரு வரி, கீழே வம்சாவளிப் படம். அதில் ஒரு பெண் பெயரும் இல்லை. அந்த வீட்டில் பெண்ணே பிறக்கவில்லை போலும்! மேட்டூர் அணை திறந்த 1934, காவிரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் என்ற 1991 எல்லாம் தேதி தவறாமல் இருக்கின்றன.

நானும் அப்படியொரு பண்ணையில் பிறந்தவள். நில உச்சவரம்புச் சட்டம் வரப்போகிறது, குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர்தான் என்ற பேச்சு எழுந்தபோது என் தாத்தாவுக்குத் திடீரென மகள்களின் ஞாபகம் வந்தது. அத்தைகள் பெயருக்கு நிலம் போனது. ஆபத்து நீங்கியதும் சித்தப்பாக்கள் பெயருக்குத் திரும்பியது. மோட்டார் போட விற்ற என் அம்மாவின் காசுமாலைக்குப் பத்திரமே கிடையாது.

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-இல் சட்டம் வந்தது தாங்கள் அறியாததல்ல. அதற்கு முன் மணமானவளுக்கு அது கிடையாது. எனக்கு 1986-இலேயே ஆகிவிட்டது. தங்கைக்கு ஆகவில்லை. அவளுடைய கல்யாணப் பத்திரிகை அச்சாகும் முன்பே, பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவாகிவிட்டது. அப்பா காலமானபின் அவர் பங்கில் எனக்கிருந்த பாத்தியதைக்கு நானும் கையெழுத்திட்டேன். "சீர்தான் செய்தாயிற்றே" என்றார்கள். 2005-இல் மத்திய வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டதும், மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் எனக்குப் பத்திரிகையில் படித்த செய்திகள், அவ்வளவே. பொங்கலுக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்புகிறார்கள். குறை சொல்லக்கூடாது, நல்ல அரிசி.

நிலம் துண்டாகாமல் நின்றது இப்படித்தான். நட்டவர்கள், களையெடுத்தவர்கள் பெயரைக் கேட்டால் அது இன்னும் பெரிய விவகாரம். 1952-இன் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பற்றியே கட்டுரையில் ஒரு வரி இல்லை. தங்கள் பொங்கல் மலர் அட்டையிலும் விவசாயி என்றால் முண்டாசும் மீசையும்தான். கோலம் போட மட்டும் ஓரமாக ஒரு பெண். இதைப் பற்றி முன்பே எழுதினேன். பிரசுரமாகவில்லை, இடநெருக்கடியாக இருந்திருக்கும்.

அந்த வம்சாவளியை மகள்கள், மருமகள்கள் பெயரோடு மறுபடி வெளியிட வேண்டுகிறேன். அரைப் பக்கம் போதும். பெயர்கள் கிடைக்காவிட்டால் தங்கள் நிருபரை அந்த நிலத்தின் பத்திரப் பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்தவர் என்ற கட்டத்தில் எல்லோரும் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவாரூர் மாவட்டம்.