ஐயனார் கோயில் திருப்பணி முடிஞ்சிருச்சு, கமிட்டி கணக்கு சொல்லுது

மெம்பர்கள் எல்லாருக்கும் வணக்கம். ஐயனார் கோயில் முன்மண்டப வேலை ஒருவழியா முடிஞ்சிருச்சு. வரவு செலவு நோட்டு கோயில்லயே இருக்கு, யாரு வேணும்னாலும் வந்து பாக்கலாம்.

ரிப்பேர் ஏன் இவ்வளவு இழுத்துச்சுன்னு நெறய பேரு கேட்டீங்க. உப்புக்காத்துல மண்டபத்து காங்கிரீட்டுக்குள்ள இருந்த கம்பியெல்லாம் துருப்பிடிச்சு ஊதி காங்கிரீட்ட வெளிய தள்ளிருச்சு, மேல பூசிட்டு போயிருந்தா அடுத்த மழைக்கே திரும்ப விழும், அதனால மொத்தமா கொத்தி எடுத்து கம்பிய தேச்சு பெயிண்ட் அடிச்சுத்தான் திரும்ப பூசுனோம். நம்ம கெணத்து தண்ணி உப்பு, கலவைக்கு ஆகாதுன்னு மேஸ்திரி கறாரா சொல்லிட்டாரு, தண்ணி லாரிக்கே தனியா செலவாச்சு.

இப்ப ஹவில்தார் பழனி நினைவா வாசல்ல வச்ச கல்லு விஷயம். அவரு நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர், 81 பீல்டு ரெஜிமெண்ட், பீரங்கிப்படை. 2020 ஜூன் 15 ராத்திரி லடாக் எல்லைல கல்வான் பள்ளத்தாக்குல சீனப்படையோட நடந்த மோதல்ல நம்ம பக்கம் உயிர விட்ட 20 பேர்ல ஒருத்தர். எல்லைக்கோட்டுகிட்ட துப்பாக்கி சுடக்கூடாதுன்னு 1996ல ரெண்டு நாடும் போட்ட ஒப்பந்தம் இருக்கு, அதனால அன்னைக்கு கல்லும் தடியுமாத்தான் சண்டை. பீரங்கிப்படை ஆளு அசையாம நின்னு கூட இருந்தவங்கள காப்பாத்தப் பாத்திருக்காரு. 2021 குடியரசு தினத்துக்கு அவருக்கு வீர் சக்ரா விருது அறிவிச்சாங்க.

கோயில் காசுல எதுக்கு பட்டாளத்துக்காரருக்கு கல்லுன்னு மீட்டிங்ல ஒரு பெரியவர் கேட்டாரு, நியாயமான கேள்விதான். அதுக்கு நம்ம பூசாரி ஐயா, வாசல்ல அருவாளோட நிக்கிற வீரன் மட்டும் யாருப்பா, ஒருகாலத்துல ஊர காக்கப்போயி செத்தவன்தானேன்னாரு. அதுக்கப்புறம் யாரும் பேசல. ஆனாலும் கல்லுக்குன்னு தனியாத்தான் வசூல் பண்ணுனோம், உண்டியல் காசுல கை வைக்கல.

கல்லு ரெண்டு தடவ அடிக்க வேண்டியதாப் போச்சு, அது எங்க தப்புதான். வாட்ஸாப்ல வந்தத நம்பி பரம்வீர் சக்ரான்னு எழுதிக் குடுத்துட்டோம். ரிட்டயர்டு சுபேதார் மாமா பாத்துட்டு சத்தம் போட்டாரு: பரம்வீர் முதல்ல, அடுத்தது மகாவீர், மூணாவதுதான் வீர் சக்ரா, இல்லாதத எழுதுனா அந்த மனுசனுக்குத்தான் அவமானம்னாரு. சரின்னு பழைய கல்ல திருப்பிப் போட்டு பின்பக்கம் புதுசா அடிச்சோம்.

பெயிண்டர் தம்பியும் கல்லுல அந்த மெடல் படம் போடும்போது நட்சத்திரத்துக்கு ஆறு முனை வரஞ்சு வச்சிருந்தான். அசல் வெள்ளி மெடல், அதுல அஞ்சு முனைதான். ரிப்பன் பாதி கருநீலம் பாதி காவி. மாமா நடுவுல நூலப் புடிச்சு, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஒரு மயிரிழை கூடாம பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு, சாயங்காலம் வரைக்கும் டீ கூட குடிக்கல.

மிச்சம் லைட் வேலை மட்டும் பாக்கி, அடுத்த வெள்ளிக்கெழமைக்குள்ள முடிஞ்சிரும். காலைல கல்லு மேல உப்பு படியுது, கோயில் கூட்டுறவங்க ஈரத்துணியால தொடச்சு விடுங்க, சோப்பு வேணாம், எழுத்துல பெயிண்ட் போயிரும். அப்புறம் தயவுசெஞ்சு அதுல ஆட்டக் கட்டாதீங்க, போன வாரமே ரெண்டு தடவ அவுத்து விட்டாச்சு.