ஒப்பு போடும் காட்சி

நாகர்கோவில்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் நாடகத்தின் முன்னோட்டக் காட்சிகள் மூன்றும் நேற்றோடு முடிந்தன. அலுவலகத்தில் விடுப்புக் கிடைக்காமல் நீ சென்னையிலேயே இருக்க நேர்ந்ததால், உன் கண்ணுக்குப் பதிலாக என் கண்ணை வைத்துக்கொண்டு, மூன்று இரவும் மேடையைப் பார்த்ததைவிட அவையைப் பார்த்ததே அதிகம். கடைசிக் காட்சியில் அக்காள், பிறந்த வீட்டுச் சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் நீ எழுதியபடி ஒப்பு போடாமல், அதாவது கையெழுத்திடாமல், மறுத்து எழுந்து போவதாக மாற்றிவிடலாம் என்று இயக்குநர் உன்னிடம் தொலைபேசியில் சொன்னாராம். அதற்கு நீ இன்னும் சம்மதம் சொல்லவில்லை என்று உன் அம்மா சொன்னாள். சொல்லாதிருந்தது நல்லது. நான் கண்டதை முழுவதும் படித்துவிட்டு முடிவு செய்.

முதல் நாள் நாகர்கோவிலில், ஒரு பள்ளி அரங்கில். மின்விசிறிகளின் இரைச்சல் வசனத்தை விழுங்கியதால் பாதியில் அவற்றை நிறுத்தினார்கள். அதன்பின் எல்லோரும் கையில் கிடைத்த தாளால் விசிறிக்கொண்டே பார்த்தார்கள். இரண்டாம் காட்சியில், பொருள்கள் வைக்கும் அறைப்புரை வாசலில் உட்கார்ந்திருக்கும் கிழவி தன் தாயின் காலத்து மருமக்கள்வழியைப் பற்றிப் பேசுகிறாளே, அந்த இடத்தில் முன்வரிசை முதியவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். கணவன் செத்த பதினாறாம் நாள் அவனுடைய மருமகன், அதாவது சகோதரி மகன், வந்து சாவிக்கொத்தைக் கேட்பதும், பெற்ற பிள்ளைகள் உகந்துடைமை என்ற சிறு பங்குக்காகக் கை நீட்டி நிற்பதும் அவர்கள் தங்கள் வீட்டுத் திண்ணையில் கேட்டு வளர்ந்த கதை. கவிமணி இந்த முறையை எள்ளிப் பாடியதும், 1926இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளருக்கென்று தனிச் சட்டம் இயற்றியதும் இங்கே பலருக்கும் தெரியும். சென்னையில் அந்தச் சிரிப்பு உனக்குக் கிடைக்காது. சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போன காலம் அது என்பதைக் கிழவியே ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும். அதற்கு மேல் விளக்கினால் அவள் கிழவியாக இல்லாமல் ஆசிரியையாகிவிடுவாள்.

கலைவாணரைப் பெற்ற ஊர்க்காரர்கள் சிரிப்பை அடக்கிக்கொள்பவர்கள் அல்லர். அண்ணி புறவாசல் பலா மரத்திலிருந்து ஒரு சக்கைப் பழத்தை இறக்கிச் சாக்கில் கட்டி, கையெழுத்திட வந்த நாத்தனாரிடம் கொடுக்கும்போது, "பாகம் சக்கையோட தீந்து போச்சு" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் எழுந்தது. அரங்கமே சிரித்தது. அண்ணியாக நடித்த பெண் அந்தச் சிரிப்பு ஓயும்வரை காத்திராமல் அடுத்த வசனத்தைச் சொல்லிவிட்டாள். "வண்டியில் பார்த்து வையுங்க, கசியும்" என்ற அந்த அருமையான வரி ஒருவர் காதிலும் விழவில்லை. மறுநாள் அதே இடத்தில் அவள் சாக்கின் முடிச்சை மெதுவாக இறுக்கியபடி காத்திருந்தாள். வரி சரியாக வந்து இறங்கியது. முன்னோட்டம் நடத்துவதன் பயன் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இரண்டாம் நாள் தக்கலையில். இந்த இரவைப் பற்றித்தான் இயக்குநர் தவறாக எண்ணிக்கொண்டிருக்கிறார். ஒன்பது மணியை நெருங்கும்போது, இளைய தம்பி தன் கடனைப் பற்றி நெடுநேரம் பேசும் இடத்தில், நாற்பது ஐம்பது பேர் எழுந்து வெளியேறினார்கள். நாடகம் அவர்களைப் பிடித்து நிறுத்தவில்லை என்று அவர் வருந்தினார். நான் அவர்களோடு வாசல்வரை நடந்து போய்க் கேட்டேன். குலசேகரம் பக்கம் போகும் கடைசிப் பேருந்தைத் தவறவிடக் கூடாது என்பதைத் தவிர வேறு காரணமே இல்லை. அவர்களில் ஒரு அம்மாள், "அவ ஒப்பு போட்டாளா இல்லையா, அத மட்டும் சொல்லும்" என்று என்னிடமே கேட்டுக்கொண்டு போனாள். ஆறு மணிக்குத் தொடங்கியிருந்தால் அவர்களும் முடிவுவரை இருந்திருப்பார்கள். ஆனாலும் தம்பியின் பேச்சு நீளம் என்பது உண்மைதான். வட்டிக் கணக்கை அவன் இரண்டு முறை சொல்கிறான். வெட்ட வேண்டுமானால் அங்கே வெட்டு.

தக்கலையில் நாடகம் முடிந்தபின் நடந்த உரையாடலில் ஒரு முதிய கிறிஸ்தவப் பெண்மணி பேசியதை உனக்காக எழுதி வைத்துக்கொண்டேன். 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, மகனுடைய பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே மகளுக்கு. மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு என்று மேரி ராய் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன செய்தியைத் தன் கணவர் நாளிதழில் வாசித்துக் காட்டியபோது, தான் ஏற்கனவே எல்லாவற்றிலும் கையெழுத்திட்டு முடித்திருந்ததாகச் சொன்னார். "உங்க நாடகத்துல சாமிப்படம் வேற, ஒப்பு ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் முட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில், தேவாலய மைதானத்தில் பாய் விரித்து அமர்ந்து பார்த்தார்கள். திருவிழா நாடகம் பார்த்துப் பழகிய ஊர் என்பதால் எதற்கும் வாய்விட்டுப் பதில் சொன்னார்கள். அக்காள் கையெழுத்திடப் போகையில் பேனா எழுதாமல் போக, இளைய தம்பி தன் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டுகிறானே, அப்போது ஒரு மூதாட்டி, "எழுதாத பேனாதான் நல்ல பேனா" என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. அதன்பின் விளக்கு அணையும்வரை அந்த மைதானத்தில் கடல் இரைச்சலும் ஒரு கைக்குழந்தையின் அழுகையும் மட்டுமே கேட்டன.

கையெழுத்தை மறுப்பதாக மாற்றும் யோசனை நாகர்கோவில் உரையாடலில்தான் பிறந்தது. சட்டம் படிக்கும் மாணவர் ஒருவர் எழுந்து, பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தரும் மத்தியச் சட்டத்திருத்தம் 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்ததையும், அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியதையும் எடுத்துச் சொல்லி, இத்தனைக்குப் பிறகும் அவள் கையெழுத்திடுவதாகக் காட்டுவது பெண்களுக்குத் தவறான வழிகாட்டுதல் ஆகாதா என்று கேட்டார். பலர் கைதட்டினார்கள். அவர் சொன்ன சட்டம் சரி, கேள்வியும் நேர்மையானது. ஆனால் கைதட்டாமல் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தவர்களையும் நான் பார்த்தேன். அவர்களில் மிகுதியும் ஐம்பதைத் தாண்டிய பெண்கள். கடைசியில் ஒருத்தி மட்டும், "ஒப்பு போடாட்டா பொறந்த வீட்டுக்கு ஒரு நல்லது கெட்டதுக்குப் போவ முடியுமா மக்களே?" என்று அந்த மாணவரையே பார்த்துக் கேட்டாள். உன் நாடகத்து அக்காள் சட்டம் தெரியாமல் கையெழுத்திடுகிறவள் அல்லள். முதல் காட்சியிலேயே அவள் தன் பங்கு எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணுகிறாள். தெரிந்தே இடுகிறாள் என்பதுதான் அந்தப் பெண்களைப் பேச்சற்றவர்களாக்கியது. அவளை எழுந்து போக வைத்தால் இளைஞர்கள் மகிழ்வார்கள். கையெழுத்திட்டு வந்த பெண்கள், இது யாரோ ஒரு துணிச்சல்காரியின் கதை என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இதை நான் வெளியாளாக நின்று சொல்லவில்லை. உன் பாட்டா, என் அப்பா, இறந்த மறுவருடம், 1998இல், அத்தையைப் பூதப்பாண்டியிலிருந்து பேருந்தில் வரச் சொல்லி, சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்து வாங்கியவன் நான். பாட்டா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய வீடு அது. 1956ஆம் ஆண்டுச் சட்டப்படியே அதில் அவளுக்கு என்னோடு சமபங்கு உண்டு. "வெறும் நடைமுறைதான்" என்று நான் சொன்னேன். அவள் வாசித்துப் பார்க்கவில்லை. மதியம் நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, நான் எடுத்துக் கொடுத்த சேலையோடு நாலு மணிப் பேருந்தில் போனாள். நீ அப்போது பால்குடி மாறாத பிள்ளை. உனக்கு இதை யார் சொன்னார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. நீ எழுதியதில் தவறு ஒன்றும் இல்லை. கையெழுத்துக்குப் பின் அண்ணன், "சாப்பிட்டுட்டுப் போலாம்" என்று சொல்லும் வரியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் எடுத்துவிடாதே.

முதல் நாள் அத்தையும் வந்திருந்தாள். எனக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். சக்கைப் பழத்துக்கு எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். ஆட்டோவில் திரும்புகையில், அக்காளாக நடித்த பெண் கையெழுத்திடும்போது சேலைத் தலைப்பை எதற்காக இழுத்துப் போர்த்திக்கொள்கிறாள் என்று கேட்டாள். வெட்கமாக இருக்கலாம் என்றேன். "இல்ல, அந்த ஆபீஸ்ல மின்விசிறிக்கு நேரா உக்கார வச்சிருந்தாங்க, எனக்குக் குளிருச்சு" என்றாள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அவள் அந்த மின்விசிறியை மறக்கவில்லை. நேற்றுக் காலையில் அலமாரியிலிருந்து அந்தப் பத்திரத்தை எடுத்து முதல் தடவையாக முழுவதும் வாசித்தேன். நாளை பத்திர எழுத்தர் ஒருவரைப் பார்க்கப் போகிறேன். அது பற்றி அத்தையிடம் பேசிய பிறகு உனக்கு எழுதுகிறேன்.

சென்னை அரங்கேற்றத்துக்கு அவளும் வருகிறாள். அவளுக்கு முழங்கால் வலி இருப்பதால் படியேற முடியாது. கீழ்த்தளத்தில், வரிசையின் ஓரத்தில், இரண்டு இருக்கைகள் சொல்லி வை.

அன்புடன்,
அப்பா