இப்போதைக்கு என்றால் எவ்வளவு நாள்?

பொன்மலைப்பட்டி,
ஞாயிறு காலை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். உன் சிநேகிதி போன வாரம் வந்து மூன்று அட்டைப்பெட்டிகளையும் பத்திரமாகக் கொடுத்துவிட்டுப் போனாள். நல்ல பிள்ளை. காபி மட்டும் குடித்தாள், சாப்பிட உட்காரவில்லை. "இப்போதைக்கு இதெல்லாம் இங்கயே இருக்கட்டும்னு சொன்னா அங்கிள்" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

திருச்சி வெயிலில் உன் பொம்மை ரயில்களை அட்டைப்பெட்டிக்குள்ளேயே விட்டால் உள்ளே இருக்கிற நுரை நாளடைவில் பிசுபிசுத்துப் பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும். அதனால் அன்று ராத்திரியே பிரித்து, கட்டிலில் பழைய வேட்டியை விரித்து வரிசையாக வைத்தேன். மூன்று இன்ஜின், ஒன்பது பெட்டி. ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் உன் வீட்டு ஹாலில் ஓடினதை வீடியோவில் பார்த்ததுதான், கையில் எடுத்துப் பார்த்தது இதுவே முதல் தடவை. அந்தப் பச்சை முதலை இன்ஜின் என்ன கனம்! இதன் நிஜ இன்ஜினைக் கோத்தார்டு மலை ஏறுவதற்காக 1919-லிருந்து சுவிட்சர்லாந்தில் கட்டினார்கள் என்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது. மூன்று துண்டாக மடங்கும் உடம்பு, பக்கத்தில் குச்சி குச்சியாகக் கம்பிகள். சக்கரத்தை விரலால் மெதுவாகத் தள்ளினால் அத்தனையும் சேர்ந்து அசைகிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இவற்றுக்கு ஒரு ஸ்டாண்டு செய்ய ஆரம்பித்திருக்கிறேன். பின்கட்டுக் கதவை மாற்றியபோது எடுத்து வைத்த தேக்கு பரணில் இருந்தது. தாத்தா 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பட்டறை இங்கே மாறினபோது அதோடு வந்து கொண்டுவந்த இழைப்புளியாலேயே இழைத்தேன். நாலடியில் மூன்று தட்டு. இன்ஜின் ஏறக்குறைய 22 சென்டிமீட்டர், பெட்டி 27. ஒரு தட்டில் ஒரு இன்ஜினும் மூன்று பெட்டியும் நின்றால் அரை அடிக்கு மேல் மிச்சம் இருக்கும். தட்டுக்குத் தட்டு 9 சென்டிமீட்டர் விட்டிருக்கிறேன். இன்ஜின் கூரையில் இருக்கிற கரண்ட் கம்பியைத் தூக்கி வைத்தாலும் இடிக்காது.

தண்டவாளம் வாங்கி ஒட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பலகையிலேயே பள்ளம் எடுத்துவிட்டேன். சக்கரங்களின் உள்பக்கத்துக்கு உள்பக்கம் 14 மில்லிமீட்டர் வருகிறது. 2 மில்லிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் ஆழத்தில் இரண்டு பள்ளம். இரண்டு பக்கமும் ரம்பத்தால் கோடு போட்டு, பழைய அரத்தைத் தேய்த்து உளியாக்கி நடுவில் இருந்ததை எடுத்தேன். சக்கரத்தின் விளிம்பு பள்ளத்தில் இறங்கி நிற்கிறது, தட்டினாலும் நகரவில்லை. ஆனால் இன்ஜின் மட்டும் ஒரு முடி அளவு தூக்கிக்கொண்டே நின்றது. திருப்பிப் பார்த்தால் அடியில் நடுவில் கரண்ட் எடுக்கிற தகடு, ஸ்பிரிங்கோடு கீழே தொங்குகிறது. அது மரத்தில் அழுந்திக்கொண்டே இருந்தால் ஸ்பிரிங் தளர்ந்துபோகும். அதற்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு பள்ளம் எடுத்தேன். இப்போது சரியாக உட்கார்ந்துவிட்டது. பாலிஷ் நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஏற்ற வேண்டும். ஜன்னல் வெயில் படாத சுவராகப் பார்த்து வைத்திருக்கிறேன். தூசிக்கு முன்னால் கண்ணாடி போட்டுவிடலாம்.

இப்போது ஒரு இடத்தில் வேலை நிற்கிறது. சுவரில் துளை போட்டு முடுக்கினால் இருபது வருஷத்துக்கு அசையாது. கழற்றி மாட்டுகிற மாதிரி செய்தால் எட்டு திருகாணியைக் கழற்றிக் கட்டி உன்னிடமே அனுப்பிவிடலாம். இப்போதைக்கு என்றால் எவ்வளவு நாள் என்று தெரிந்தால் அதற்குத் தகுந்த மாதிரி செய்வேன்.

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து போன் இல்லை. அம்மா போட்டால் "மீட்டிங்மா, அப்புறம் பேசுறேன்" என்று ஒரு மெசேஜ். அந்த அப்புறம் வரவே இல்லை. இது சரியில்லை பாப்பா. படிக்கிற காலத்தில் ஹாஸ்டலிலிருந்து தினமும் பேசின பிள்ளை நீ. பட்டறையில் என் கூட வேலை பார்த்தவர்கள் வந்தால் இன்னமும் உன்னைப் பற்றித்தான் பேச்சு. முதல் மாசச் சம்பளத்தில் நகை வாங்காமல் மெர்க்லின் பொம்மை ரயில் கம்பெனி இருக்கிற கோப்பிங்கனுக்கே போய் இன்ஜின் வாங்கினவள் என் மகள் என்று நான் சொல்லாத ஆள் இல்லை. அதையே நீ பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறாய். வேளாவேளைக்குச் சாப்பிடு. வெறும் ரொட்டியும் காபியும் உடம்புக்கு ஆகாது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவேன். இதில் எழுதலாமா கூடாதா என்று தெரியாமல் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பாப்பா, மாட்டுப்பொங்கல் ராத்திரி நீ போன் செய்தாய். நான்தான் எடுத்தேன். "அப்பா, எனக்கு இங்க..." என்று ஆரம்பித்து நிறுத்தினாய். மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நீ அழுகிறாய் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், "இரும்மா, அம்மாகிட்ட குடுக்கிறேன்" என்று போனைக் கொடுத்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டேன். அம்மா கையில் போன் போனதும் நீ பொங்கலைப் பற்றிப் பேசினாய், கரும்பு கிடைத்ததா என்று கேட்டாய். எல்லாம் திண்ணைக்குக் கேட்டது. என்ன சொல்லிவிடுவாயோ என்று பயம் எனக்கு. நீ சொன்னால் நான் ஏதாவது செய்தாக வேண்டுமே, என்ன செய்வது என்று தெரியவில்லை. நீ சின்ன வயதில் கையை வெட்டிக்கொண்டு வந்தபோதும் அம்மாவிடம் போ என்றுதான் அனுப்பினேன். அது தப்பு. பொங்கலன்று செய்தது அதைவிடத் தப்பு. நாலு மாசமாக அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை.

தட்டும் பள்ளமும் முடிந்துவிட்டன. சுவரில் இன்னும் துளை போடவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா கோயிலுக்குப் போவாள். ஆறு மணியிலிருந்து ஏழரை வரை வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன். உனக்கு அங்கே மதியம் இரண்டரை. சாப்பிட்டுவிட்டுப் போன் செய்.

அன்புடன்,
அப்பா