பார்வதி பள்ளத்தாக்கிலிருந்து இறங்கி வராதவர்களுக்காக ஒரு திறந்த மடல்

குல்லு மாவட்ட நிர்வாகத்துக்கும் இமாச்சலப் பிரதேசக் காவல்துறைக்கும் வணக்கம்.

பார்வதி பள்ளத்தாக்கில் காணாமல் போனவர்களைப் பற்றிய செய்திகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். 1990களின் தொடக்கத்திலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிகள் அங்கே மறைந்திருக்கிறார்கள். பலர் இளைஞர்கள், தனியாகப் போனவர்கள். பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை.

ஒவ்வொரு முறையும் அதே பேச்சுதான். ஆற்றில் விழுந்திருப்பார், பணத்துக்காக யாரோ கொன்றிருப்பார்கள், கஞ்சா தகராறாக இருக்கும், சாமியாராகிப் போயிருப்பார். இதில் எதையும் உறுதியாக மறுக்க முடிவதில்லை. அந்தப் பிள்ளை கடைசியாக எந்த இடத்தில், எந்த நாளில் இருந்தான் என்பதே யாருக்கும் தெரியாதபோது எதை வைத்து மறுப்பது? கடைசியாகச் சொன்ன அந்த ஊகம்தான் பெற்றவர்களை அதிகம் வதைக்கும் என்று நினைக்கிறேன். எங்கோ உயிரோடு இருந்துகொண்டு நம்மை வேண்டாம் என்று விட்டானோ என்று வருடக்கணக்கில் யோசிக்க வைத்துவிடும்.

ஒருவர் காணவில்லை என்பது எப்படித் தெரிய வருகிறது என்று பாருங்கள். வெந்நீர் ஊற்று இருக்கும் கீர்கங்காவைத் தாண்டி, சுமார் 4,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் மந்தலாய் ஏரிக்கோ, 5,319 மீட்டர் உயரத்தில் இருக்கும் ‘பின் பார்வதி’ கணவாய்க்கோ போகிறவர், “சில நாள் போன் வராது” என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போவார். மேலே சிக்னல் கிடையாது. வீட்டில் இருப்பவர்கள் ஒரு வாரம் பொறுப்பார்கள், இன்னொரு வாரம் தங்களையே சமாதானப்படுத்திக்கொள்வார்கள். அப்புறம் தூதரகம், அப்புறம் காவல் நிலையம். அதற்குள் மழை தடயங்களை அழித்துவிடும். பனி உருகிய நீரும் பருவமழையும் சேர்ந்து ஓடும் ஆகஸ்டு மாதப் பார்வதி ஆற்றில் விழுந்த உடல், புந்தரில் பியாஸ் ஆற்றோடு கலந்து எவ்வளவு தூரம் போயிருக்கும்? மூன்று வாரம் கழித்து மேலே கரையோரம் தேடி என்ன கிடைக்கும்?

வெளிநாட்டவர் ஒருவர் விடுதியில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் விடுதிக்காரர் அதற்கான படிவத்தில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதனால் பள்ளத்தாக்கில் இருக்கும் கசோல் கிராமத்தில் அவர் எங்கே தூங்கினார் என்பது அரசுக்குத் தெரியும். உள்நாட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் படிவமும் இல்லை. மலைக்குப் போனவர் திரும்பினாரா என்று கேட்கும் படிவம் யாருக்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உரிமம் இல்லாமல் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். ஆபத்தில் செய்தி அனுப்பும் கையடக்கக் கருவிகளுக்கும் அதே விதிதான்; தெரியாமல் கொண்டுவந்த மலையேறிகள் விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். பாதுகாப்புக் காரணம் புரிகிறது, சரி. ஆனால் அந்தக் கருவியைப் பறித்து வைத்துக்கொண்டால், அதற்கு ஈடாக ஒன்றை நீங்கள் தர வேண்டாமா? அனுமதி பெற்ற கருவிகளை மாவட்ட நிர்வாகமே வாடகைக்குக் கொடுக்கலாமே.

நேபாளம் 2023 ஏப்ரலில் வெளிநாட்டவர் வழிகாட்டி இல்லாமல் மலைநடை போவதற்குத் தடை விதித்தது. அந்த அளவுக்கு நான் கேட்கவில்லை. தனியாக நடப்பதில் இருக்கும் நிறைவு எனக்குத் தெரியும். அதைத் தேடி வந்ததற்காக யாரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. நான் கேட்பது பர்ஷைனியில், நடைபாதை தொடங்கும் இடத்தில், ஒரு மேசையும் ஒரு நோட்டும். பெயர், போகும் வழி, திரும்பும் நாள், வீட்டுத் தொலைபேசி எண். இறங்கும்போது அதே நோட்டில் கையெழுத்து. சொன்ன நாளுக்கு மறுநாளும் கையெழுத்து விழவில்லை என்றால் வீட்டுக்கு ஒரு போன், மேலே தேட இரண்டு பேர். ‘பின் பார்வதி’ கணவாயைக் கடந்து அந்தப் பக்கம் இருக்கும் ஸ்பிதியில் இறங்குபவர்களுக்கு முத் கிராமத்தில் இன்னொரு நோட்டு வேண்டும்.

பழைய கோப்புகளையும் மறந்துவிடாதீர்கள். ஏழு ஆண்டுகள் தகவல் இல்லையென்றால் ஒருவர் இறந்துவிட்டதாகக் கருத நம் சட்டம் இடம் தருகிறது. அதை வைத்துத் தேடலை நிறுத்த வேண்டாம். காணாமல் போன ஒவ்வொருவரின் பெற்றோரிடமும் டிஎன்ஏ மாதிரி வாங்கி வையுங்கள். பார்வதியிலும் பியாஸிலும் கிடைக்கும் அடையாளம் தெரியாத ஒவ்வொரு உடலையும், ஒரு எலும்பே ஆனாலும், அதோடு ஒப்பிடுங்கள். அந்தப் பெற்றோருக்கு வயதாகிக்கொண்டே போகிறது. மாதிரி எடுக்கும் வேலையை இந்த ஆண்டே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
மலைகளில் நடக்கும் ஒருவன்